பெண் போன ஊர்கள்

பொன்னேரி தாண்டிப் பாட்டு ஆரம்பாக்கம் வந்து சேர்ந்ததும், செங்கம்மாள் நாக்கைச் சுழற்றிப் புகையிலையை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குத் தள்ளிக்கொள்கிறாள். தலையில் அடுப்புக்குச் சவுக்கு மிளார்க் கட்டு. கால் எங்கள் கொல்லை வேலியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. கட்டு அசைவதில்லை, நடை நிற்பதில்லை. கன்னம் மட்டும் மாறுகிறது. அதுவரை தமிழில் வந்த பாட்டு அங்கிருந்து தெலுங்கு. மெட்டு என்னவோ அதே மெட்டுதான்.

முதல் தடவை இதைக் கவனித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏண்டி செங்கம்மா, தெலுங்குக்கு வலது கன்னம்தான் ராசியோ?” என்று கேட்டேன்.

“ஆரம்பாக்கம் தாண்டினா ஊரு வேற, பேச்சு வேற. வாயும் கொஞ்சம் தள்ளிக் குந்த வேணாவா?” என்றாள், ஏதோ எனக்குத்தான் இங்கிதம் போதாது என்கிற மாதிரி.

அந்தப் புகையிலையை அவள் துப்பி நான் பார்த்ததில்லை. கஞ்சி குடிக்கும்போது எடுத்துக் காதில் செருகிக்கொள்வாள். குடித்தவுடன் திரும்ப வாய்க்குள். சாமி முன்னால்கூட இதே கதிதானா என்றால், “கன்னிம்மா இன்னா சொல்லப்போறா? அவளும் போட்றவதான்” என்பாள். சாமிக்கே புகையிலைப் பழக்கம் வைத்துவிட்டவளிடம் என்ன பேசுவது!

எங்கள் திருக்கழுக்குன்றத்திலிருந்து மகாபலிபுரம் போகிற வழியில், உப்புப் படகு போகும் கால்வாயை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. அதற்குக் காவல் அவள்தான். கட்டை குட்டையான உடம்பு. கழுத்தில் நீலமும் வெள்ளையுமாகப் பாசிமணி. வயது கேட்டால் எம்டன் குண்டு போட்ட வருஷத்தில் தனக்குப் பால் பல் விழுந்தது என்பாள். விறகுக் கட்டு கனக்கிற நாளில் அதே எம்டன் வருஷத்தில் தனக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்டிருக்கிறேன்.

அறுப்பு முடிந்த வயலில் அவள் நடப்பதைப் பார்க்க வேண்டும். குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடுவாள். அங்கே வெட்டினால் எலி வளை. உள்ளே எலி சேர்த்து வைத்த நெல். எலியையும் எடுத்துக்கொண்டு நெல்லையும் அள்ளிக்கொள்வாள். ஒரு பிடி நெல்லை மட்டும் வளைக்குள் திரும்பப் போட்டு மண்ணை மூடுவாள். குட்டிகள் எங்காவது மிச்சம் இருந்தால் தின்னட்டுமாம். எலி தின்கிற ஜாதி என்று எங்கள் தெருவில் அவளைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அதற்கும் அவளிடம் பதில் தயார். “மலை மேல ரெண்டு கழுகு வந்து சக்கரைப் பொங்கல் துன்னுது. ஊரே கன்னத்துல போட்டுக்குது. அதே கழுகு மலைய வுட்டு எறங்கினா இன்னா துன்னும்? எலிதானே?” தினம் உச்சி வேளையில் கழுகுக்குப் பிரசாதம் வைக்கிற ஊரில் இதை உரக்கச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். நான் யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் அவளுக்கு எல்லை கொல்லை வேலி. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இந்த எல்லையைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுப் பேசியதில்லை. பேச்சுக்கு மட்டும் வேலி கிடையாது. மிளார்க் கட்டைப் போட்டுவிட்டு அவள் குந்தினால் அரைப் பொழுது போகும். அப்படி வேலியோரம் கேட்டதுதான் இந்தப் பாட்டின் கதை.

மாசி மகத்தன்று செங்கம்மாளின் ஜனங்களான இருளர்கள் எல்லாரும் மகாபலிபுரம் கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள். மணலில் ஏழு படி கட்டி, வேப்பிலை செருகிய பானை வைத்து, கன்னியம்மாளை அழைக்கிறார்கள். ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு பாட்டு. செங்கம்மாள் கும்பலின் பாட்டு, அவர்கள் வீட்டுப் பெண்கள் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு ஊரிலிருந்தும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரும்படி கன்னியம்மாளைக் கேட்கிற பாட்டு. வேடந்தாங்கலில் ஆரம்பிக்கும்:

வேடந்தாங்கல் ஏரியிலே கொக்கு வந்து எறங்கையிலே
கொக்கோட கொக்காகக் கூடி வாடி எம்மவளே

கூடுவாஞ்சேரியில் காரும் லாரியும் ஓடும், ‘ஓரமா நடந்து வாடி, ஒத்தையிலே வராதேடி’ என்று புத்தி சொல்லும். செங்குன்றம், பொன்னேரி என்று ஏறி, ஆரம்பாக்கத்தில் கன்னம் மாறும். அப்புறம்:

தடா காலுவ தாட்டி ரா, மா இண்டி பில்லா
செருவு கட்ட மீத நடிச்சி ரா

எங்கள் வீட்டுப் பெண்ணே, தடா கால்வாயைத் தாண்டி வா, ஏரிக்கரை மேல் நடந்து வா என்று அர்த்தம். சூளூர்ப்பேட்டை வரை அப்படியே போய்விட்டு, கடைசி இரண்டு அடியில் பாட்டு மகாபலிபுரத்துக்குத் திரும்பும். புகையிலையும் இடது கன்னத்துக்குத் திரும்பும்.

“அது ஏண்டி பாதியிலே தெலுங்கு?” என்று கேட்டேன்.

“பொண்ணு கீற ஊரு பேச்சுலதான் கூப்டணும். அந்தூரு சனம் கேட்டு வழி வுடணும்ல?” என்றாள். பிறகு மிளார்க் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டே, “எங்க சனத்துக்கு ஊரு ஏது ஐயரம்மா? இன்னிக்கு இந்தத் தோப்பு, நாளிக்கு எந்தத் தோப்போ. பொண்ணு போன ஊருதான் எங்களுக்கு ஊரு” என்றாள்.

உயிரோடு இருக்கிற பெண்ணின் ஊரைத்தான் பாடுவார்கள். பெண் போய்விட்டால் ஊரும் பாட்டிலிருந்து போய்விடும். செத்தவளைக் கூப்பிட்டால் கன்னியம்மாள் அவ்வளவு தூரம் நடந்து போய் வெறும் குடிசை வாசலில் நிற்க வேண்டிவருமாம். உயிரோடு இருக்கிறவளை விட்டுவிட்டாலோ, அம்மன் அவள் வீட்டு வழியையே மறந்துவிடுவாளாம். செங்கம்மாள் புருஷனின் அத்தைகள் காலத்தில் வடக்கே நாலைந்து ஊர்கள் பாட்டில் இருந்தன. ஒவ்வொருத்தியாகக் கண்ணை மூட, ஊரும் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டது. இப்போது தெலுங்குப் பாதி முழுவதும் ஒரே ஒருத்திக்காக நிற்கிறது. அவள் செங்கம்மாளின் ஒரே பெண், சந்திரம்மா. சூளூர்ப்பேட்டைப் பக்கத்துப் போலய்யாவுக்கு அவளை அதே கடற்கரை மணலில்தான் கட்டிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாமே என்றால் கேட்கிறாளா! “ஏறினேன் ஒரு தபா. பொன்னேரி பாடறதுக்குள்ள பொன்னேரி போயே போச்சி. பஸ்ஸு முன்னால ஓடுது, பாட்டு பின்னால ஓடியாருது. பேஜாரு” என்று கையை உதறிவிட்டாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆகவே பெண்ணை அவள் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு தரம், மாசி மகத்தில்தான். போன வருஷம் சந்திரம்மா வரவில்லை. ஆனி மாதம் கால்வாயில் வடக்கேயிருந்து வந்த ஒரு படகுக்காரன், அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி சொன்னான். செங்கம்மாள் அதை எங்கள் கொல்லையில் வந்து சொன்னபோது மிளார்க் கட்டோடு ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள்.

இந்தத் தை மாதம் செங்கற்பட்டில் பொங்கல் விழா நடந்தது. விழாக் கமிட்டியில் வக்கீல் ஆராவமுதன் எங்களுக்குத் தூரத்து உறவு. ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர் கொல்லையிலிருந்து பாட்டைக் கேட்டுவிட்டு, காபியைக்கூட மறந்து எழுந்து வந்துவிட்டார். நல்ல மனிதர். பாட்டென்றால் உயிர். மேடையில் அவசியம் பாட வேண்டும் என்றார். ஆனால் ஆரம்பாக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

“தப்பா நினைக்காதேம்மா. ஆந்திரா தனியாப் போயாச்சு, எல்லை இன்னும் தீரலை. அந்த ஊர் யாருக்கு, இந்த ஊர் யாருக்குன்னு தினம் கூட்டம் நடக்கிறது. இந்தச் சமயத்திலே மேடையிலே தெலுங்கு வந்தா கல்லு விழும்” என்றார். அப்புறம் ஏதோ தோன்றினவர் போல, “நீங்க தமிழா, தெலுங்கா?” என்று கேட்டார்.

“நான் இருளச்சி சாமி” என்றாள் செங்கம்மாள்.

பாதிப் பாட்டுக்கு அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாடுகிறவர்களுக்குப் புதுச் சேலை உண்டு என்று அவர் சொன்னதும் அவள் முகம் மாறியது. “செவப்பா குடுப்பீங்களா? பொண்ணுக்கு மாசியில குடுப்பேன். புள்ள பெத்திருப்பா” என்றாள். பானை வைக்காமல் பாடுவது வெறும் வாய்ப்பாட்டு, அதில் பாதியை விட்டால் தோஷமில்லை என்று எனக்கும் சமாதானம் சொன்னாள்.

விழாவுக்கு நான் போயிருந்தேன். கமிட்டிக்காரர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தத்ரூபமாக இருக்க வேண்டுமென்று மேடையிலேயே மணல் கொட்டி, ஏழு படி கட்டி, மஞ்சள் பூசி வேப்பிலை செருகி ஒரு பானையும் வைத்துவிட்டார்கள். செங்கம்மாள் மேடை ஏறினாள், பானையைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். பின்னால் உடுக்கையோடு ஏறின அவள் கொழுந்தன் முனிசாமி அவள் மேல் இடித்துக்கொண்டான். அதற்குள் ஜனங்கள் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உடுக்கை பேசியது, அவளும் பாடினாள். ஆரம்பாக்கம் வந்ததும் ஆராவமுதன் ஓரத்திலிருந்து கையைக் காட்டி, போதும் என்றார். பாட்டு நின்றது. கை தட்டல் அடங்கும் வரை அவள் புகையிலையை நடு நாக்கிலேயே வைத்து, இரண்டு கன்னமும் ஒட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு, பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் சிவப்புச் சேலையைக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் விறகில்லாமல் வந்து வேலியோரம் உட்கார்ந்தாள்.

“பாதி வழில வுட்டுட்டேன் ஐயரம்மா. பானை முன்னாடி நின்னுகினு எம்பொண்ணை வுட்டுட்டேன்.”

“அசடே, அது விளையாட்டுப் பானைடி. அலங்காரத்துக்கு வெச்சது.”

“வெளாட்டுப் பானைன்னு பானைக்குத் தெரியுமா? கன்னிம்மாவுக்குத் தெரியுமா? அவ பாட்டுக்கு வந்துகினு இருந்திருப்பா. ஆரம்பாக்கத்துல நான் வாய மூடினதும், செரி, அதுக்கு மேல ஆளில்லன்னு திரும்பியிருப்பா.”

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் மேலா, ஆராவமுதன் மேலா, அந்தப் பானையைக் கொண்டுவந்து வைத்த மகானுபாவன் மேலா என்று சொல்லத் தெரியவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மாசியில் நிஜப் பானை முன்னால் முழுசாகப் பாடிவிட்டால் சரியாகிவிடும் என்று கடைசியில் அவளே சொல்லிக்கொண்டாள். அது வரைக்கும் சந்திரம்மாவுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

அந்த ஒரு மாதம் அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. விறகு வருவது நின்றுபோயிற்று. கால்வாய்க் கரையில் நின்றுகொண்டு, வடக்கேயிருந்து வருகிற ஒவ்வொரு படகையும் கைதட்டிக் கூப்பிடுவாளாம். “நைனா! சூளூர்ப்பேட்டைப் பக்கம் போலய்யா பொண்டாட்டிய பாத்தியா? செவப்பா, மூக்குல ரெண்டு பக்கமும் குத்தியிருக்கும்!” ஒருவன் பார்த்தேன் என்றான். எங்கே, எப்போது என்று கேட்டதற்கு, அவள் தொல்லை பொறுக்காமல் சொன்னதாக ஒப்புக்கொண்டான். இன்னொருவன் சிரித்துவிட்டுப் போனான். படகு எதுவும் இல்லாத நேரத்தில் தெலுங்குப் பாதியை மட்டும் தண்ணீரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள் என்று தோப்புப் பக்கம் போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

மாசி மகத்தன்று கடலாட நாங்களும் மகாபலிபுரம் போனோம். விடிந்தும் விடியாத நேரம். கோவிலைத் தாண்டி மணலில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் சவுக்குக் கழி நட்டுச் சேலை கட்டிய மறைப்புகள், புகை, உடுக்கை, அழுகிற குழந்தைகள், மஞ்சள் கயிறோடு தலை குனிந்து நிற்கிற புதுப் பெண்கள். என் வீட்டுக்காரர் ஸ்நானத்துக்குப் போக, நான் செங்கம்மாளைத் தேடிக்கொண்டு போனேன்.

முனிசாமிதான் முதலில் கண்ணில் பட்டான். உடுக்கையின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

“நேத்து பொழுது சாய போலய்யா வந்தாம்மா. தனியா வந்தான்” என்றான். “பிரசவத்துல பூட்டாளாம். தாயும் போச்சி, புள்ளயும் போச்சி. கார்த்தி மாசம், புயல் மழையில. ரோடெல்லாம் தண்ணி. சேதி சொல்லிவுட ஆளில்லன்னான். அண்ணிகாரி ராத்திரி பூரா ஒரு சொட்டுக் கண்ணீரு வுடல.”

கொஞ்சம் தள்ளிப் போலய்யா மணலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். செங்கம்மாள் மணல் படிகளைக் கையால் தட்டித் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தச் சிவப்புச் சேலை, கமிட்டிக்காரர்கள் கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மணலிலேயே உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவில் இன்று வேலி இல்லை என்பது வெகு நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

எப்படியாவது ஒரு ஆறுதல் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தேன். “செங்கம்மா, கேளுடி. அவ போனது கார்த்திகையிலே. நீ மேடையிலே பாடினது தையிலே. உன் பாட்டாலே ஒண்ணும் ஆகலைடி. நீ பாடறதுக்கு முன்னாடியே எல்லாம் ஆயிடுத்து. உன்மேலே ஒரு பழியும் இல்லை.”

அவள் படியைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

“தையி இன்னா, கார்த்தி இன்னா. நான் வுட்டேன், அவ பூட்டா.”

“அப்படி இல்லைடி, மாசத்தைப் பாரு...”

“இருக்கட்டும் ஐயரம்மா” என்றாள், முதல் தடவையாக என்னைப் பார்த்து. “அந்தப் பழிய எங்கிட்டருந்து எடுத்துக்காதீங்க. அதுவும் இல்லன்னா எனுக்கும் அவளுக்கும் இன்னா கீது?”

சொல்லிவிட்டு அடுத்த படிக்கு நகர்ந்தாள்.

பெரியவர்கள் கூடினார்கள். வழக்கத்தை முனிசாமி மெதுவாக எடுத்துச் சொன்னான். அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை. சந்திரம்மா போய்விட்டாள், ஆகவே சூளூர்ப்பேட்டை கிடையாது, தடா கிடையாது. ஆரம்பாக்கத்திலிருந்து பாட்டு நேராகக் கடற்கரைக்குத் திரும்பிவிட வேண்டும். வடக்கே போன கடைசிப் பெண் அவள்தான். இனி இந்தப் பாட்டில் தெலுங்கு ஒரு வார்த்தைகூட இருக்காது. செங்கற்பட்டுக் கமிட்டிக்காரர்கள் கேட்டது தானாகவே நடந்துவிட்டது. எல்லையை எங்கே போடுவது என்று தினம் கூட்டம் போடுகிறவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

செங்கம்மாள் தலையை ஆட்டினாள். சிவப்புச் சேலையைப் பிரிக்காமலே பானைக்கு முன்னால் வைத்தாள். கற்பூரம் ஏற்றினார்கள். உடுக்கை ஆரம்பித்தது.

வேடந்தாங்கலில் கொக்கு வந்து இறங்கியது. கூடுவாஞ்சேரியில் கார் ஓடியது. குரலில் நடுக்கமில்லை, வழக்கமாக எங்கள் கொல்லைக்கு வருகிற அதே குரல். செங்குன்றம், பொன்னேரி. போலய்யா எழுந்து நின்றுகொண்டான். ஆரம்பாக்கம் வந்தது. முனிசாமி நிறுத்தாமல் அடியை மாற்றி, கடைசி இரண்டு வரிக்குப் போய்விட்டான். அவள் சேரவில்லை. அவன் இன்னொரு சுற்று வாசித்தான். அப்போதும் அவள் சேரவில்லை. வாய் மூடியிருந்தது. நாக்கு சுழன்றது. புகையிலை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போயிற்று.

பிறகு கடைசி இரண்டு வரியையும் தமிழில், முறைப்படி, பிசகில்லாமல் பாடி முடித்தாள். கற்பூரம் அணைந்தது. பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கி, அலை வாங்கிக்கொள்ளும் வரை பிடித்திருந்து விட்டுவிட்டு, ஈரத்தோடு கரை ஏறி எங்களைத் தாண்டிப் போனாள். புகையிலை வலது கன்னத்திலேயே இருந்தது.